தூக்குத் தண்டனையிலும் சலுகை கேட்காத நீதிபதி

இந்தியாவின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதி அன்னா சாண்டி 1905ல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். சட்டம் படித்து, 1929ல் வழக்கறிஞரானார்.

பெண்கள் அரசாங்க வேலைக்கு வந்தால் குடும்பம் கெட்டுவிடும் என்ற பேச்சு திருவாங்கூர் சமஸ்தானத்தில் அப்போது பலமாக எழுந்தது. அதை மேடையேறி மறுத்த அன்னா, ‘ஸ்ரீமதி’ என்ற பெண்கள் இதழையும் நடத்தினார். பெண்களுக்குத் தூக்குத் தண்டனையிலிருந்து சமஸ்தானம் அளித்த விலக்கையும் அவர் எதிர்த்தார். உரிமையில் சமம் கேட்பவர்கள் தண்டனையில் மட்டும் சலுகை பெறலாகாது என்பது அவர் நிலை. இன்றும் பலரை நெளியவைக்கும் வாதம்தான்.

1931ல் ஸ்ரீமூலம் மக்கள் சபைத் தேர்தலில் அவதூறுகளுக்கு ஆளாகித் தோற்றார். அடுத்த ஆண்டே வென்றார். 1937ல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அவரை முன்சீப்பாக நியமித்தார். 1948ல் மாவட்ட நீதிபதியானார். 1959 பிப்ரவரி 9ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றத்தில் பதவியேற்று, 1967 வரை பணியாற்றினார். சிங்கப்பூர் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெண் நீதிபதியாக 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்னா 1996ல், 91 வயதில் காலமானார். இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989ல் பாத்திமா பீவி பதவியேற்றதை அவர் வாழ்நாளிலேயே கண்டார். மகளைச் சட்டம் படிக்க வைக்கும் எண்ணத்தைப் பாத்திமாவின் தந்தையிடம் விதைத்ததே அன்னாவின் வாழ்க்கைதான்.