முதற் சந்திப்பு

உ. வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் சூரியமூலையில் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். ஆதரிப்போரை நாடி ஊர்விட்டு ஊர் செல்வதே அக்குடும்பத்தின் வாழ்க்கையாக இருந்தது. அதனால் சாமிநாதரின் இளமைக்காலம் அரியலூர், குன்னம், காரை என இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களைச் சேர்ந்த ஊர்களில் பெரிதும் கழிந்தது.

அரியலூரில் சடகோபையங்கார் அவருக்குத் தமிழின் சுவையைக் காட்டினார். பெரம்பலூரை அடுத்த செங்குணத்தில் வாழ்ந்த விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக்காரிகையைக் கற்பித்தார். ரெட்டியார் வேளாண்மை செய்து வாழ்ந்தவர். அவரை வயலில் கண்ட வழிப்போக்கர் எவரும் யாப்பிலக்கணம் வல்ல புலவர் அவர் என்று கருதியிருக்க மாட்டார். தம்மிடம் உள்ளதைக் கற்பித்து முடித்ததும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்லுமாறு வழிகாட்டியவரும் அவரே.

1871இல் சாமிநாதர் மாயூரம் சென்று பிள்ளையைக் கண்டார். பிள்ளை உடனே இசையவில்லை. ஆர்வத்துடன் வந்து, சில நாள் தங்கி, சொல்லாமலே சென்றுவிட்ட மாணவர் பலரை அவர் கண்டிருந்தார்; இவரும் அவ்வாறே ஆகலாம் என ஐயுற்றார். அவ்வையம் இயல்பானதே. ஆயினும் அம்மாணவர், 1876இல் ஆசிரியர் மறையும் வரை அவரைப் பிரியாது கற்றார்.

1880இல் சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், முன்சீபாக அந்நகருக்கு வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்களைக் கற்றுள்ளீர் என முதலியார் வினவ, ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என வரிசையாக எடுத்துரைத்தார். பட்டியல் நீண்டதேயன்றி முதலியாரின் முகத்தில் மலர்ச்சி தோன்றவில்லை. இவற்றால் என்ன பயன் என்பது போல அவர் பேசவே, ஐயரின் உள்ளம் வருந்தியது. ஆங்கிலக் கல்வியின் மோகத்தால் தமிழை மதியாதவர் போலும் என அப்பொழுதே முடிவு செய்துவிட்டார்.

அம்முடிவு நெடுநேரம் நிலைக்கவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை முதலியவற்றைக் கற்றதுண்டா என்று முதலியார் அடுத்துக் கேட்டார். அந்நூல்களை ஐயர் கண்டதே இல்லை! தமிழை மதியாதவர் என்று தாம் கருதியவர், தாம் அறியாத பழந்தமிழைத் தேடுபவர் என்பது அப்பொழுதுதான் அவருக்குப் புலனாயிற்று. முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியை அளித்து, அதனைப் பாடம் சொல்லுமாறு வேண்டினார்.

சைவச் சூழலில் வளர்ந்த ஐயருக்கு அச்சமண நூலின் பல செய்திகள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணரை அவர் தேடிச் சென்றார். அண்மையில் வாழ்ந்தும் அதுவரை அறியாதிருந்த அவர்தம் சமய மரபை மாணவரைப் போல் கேட்டறிந்தார். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியன பின்னர் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

முதுமையில் ஆனந்த விகடன் இதழில் தம் வரலாற்றை எழுதியபொழுது, முதலியாரைத் தவறாக எண்ணிய அந்நாளை ஐயர் மறைக்கவில்லை. புகழ்பெற்ற அறிஞர் ஒருவர் தம் பிழையை அவ்வாறு வெளியிடுவது அரிது. செங்குணத்து ரெட்டியாரும் அதில் உரிய இடம் பெற்றார். 1942 ஏப்ரல் 28ஆம் நாள் ஐயர் மறைந்ததால் அவ்வரலாறு முற்றுப்பெறாது நின்றது.