கர்ஸன் பிரபு

ஆட்சியாளர் மறைவர், அவர் இயற்றிய நற்சட்டமோ அவ்வாட்சி ஒழிந்த பின்னும் நின்று பயன்தருதல் உண்டு. இதற்குக் கர்ஸன் பிரபுவின் வரலாறு தக்க சான்றாகும்.

ஜியார்ஜ் நத்தானியேல் கர்ஸன் 1859-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள கெடில்ஸ்டனில் உயர்குடியிற் பிறந்தார். ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் கல்வி பயின்று, பாரசீகம் முதலிய கீழ்த்திசை நாடுகளிற் பயணஞ் செய்தார். நாற்பது வயது நிரம்புமுன்னரே, 1899-இல், இந்தியாவின் இராஜப்பிரதிநிதியானார்.

அந்நாளில் நம் நாட்டுப் பழஞ்சின்னங்களின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. டெல்லிச் செங்கோட்டையின் மாளிகைகள் பல 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் இடிக்கப்பட்டுப் படைவீடுகளாய் மாறின. கல்லிற் கொடி பின்னினாற்போன்ற பலகணிகளையுடைய ஆமதாபாத்துச் சித்தி சையது மசூதி, சர்க்கார் கச்சேரியாய் வழங்கிற்று. கர்ஸன் அம்மசூதியினின்றும் கச்சேரியை அகற்றுவித்தார். தாஜ்மகாலையும் அதன் தோட்டத்தையும் செப்பஞ் செய்வித்தார். 1902-இல் தொல்பொருளாராய்ச்சித் துறையைப் புதுக்கி, ஜான் மார்ஷல் என்னும் இளைஞரை அதன் தலைவராக்கினார். சிந்துவெளி நாகரிகத்தை 1924-இல் உலகிற்கு அறிவித்தவர் இம்மார்ஷலே.

எனினும், ஒருவர் ஆர்வம் அவரோடு மறையும், சட்டமே நிலைக்கும். ஆதலின் 1904-இல் பண்டைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன்படி, காக்கத்தக்க சின்னத்தை அரசாங்கத்தார் அறிக்கையிட்டு விளக்குவர். உடையவரின் உரிமை பறிபோகாமல், உடன்படிக்கையால் அதைக் காக்கவும் வழியுண்டு. அரசாங்கம் பேணும் வழிபாட்டிடத்தை அதன் இயல்பிற்கு மாறான காரியத்திற்குப் பயன்படுத்தலாகாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தவர்க்கு 5,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் அன்று வகைசெய்தது. பழம்பொருள்களைக் கடத்திச் செல்வதையும், கண்டபடி அகழ்வதையும் தடுக்க அரசுக்கு அதிகாரம் கிடைத்தது.

இத்தகையவர், உயிரோடிருந்த மக்களின் குரலுக்குச் செவிசாய்த்தாரல்லர். 1905-இல் வங்காளத்தை இருகூறாக்கிப் பெரும் பகையைத் தேடிக்கொண்டார். 1911-இல் அப்பிரிவினை நீக்கப்பட்டது. சேனாதிபதி கிச்சனரோடு பிணங்கி, 1905-இலேயே பதவி துறந்து தம் நாடு மீண்டார். அங்கும் 1911-இல், அழிவிற்குள்ளான டாட்டர்ஷால் கோட்டையை விலைகொடுத்து வாங்கி, பெயர்த்து விற்கப்பட்ட அதன் கணப்படுப்புக்களையும் மீட்டார். 1925-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் உலகவாழ்வை நீத்தார்.

வங்கத்தைப் பிளந்த கையே நம் முன்னோர் சிற்பங்களுக்கு வேலியும் இட்டது. அவர் செய்த பிரிவினையை மக்கள் ஒழித்தனர். அவர் இட்ட வேலியையோ, விடுதலை பெற்ற இந்தியா 1958-இல் புதிய சட்டத்தால் வலுப்படுத்திற்று. பழியையும் புகழையும் ஒருங்கே எண்ணி அவரை மதிப்பிடுதலே நேர்மையாகும். மாணாக்கராகிய நாம், பழம்பதிகளைக் காணச் செல்லுங்கால் சுவரில் நம் பெயரைக் கீறாது மீள்வோமாயின், அச்சட்டத்தின் கருத்தை உணர்ந்தவராவோம்.