எண்பது வயதில் ஒரு புதுக் கட்சி



ஓய்வு பெற்றபின் நமக்கென்ன வேலை என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. அவர்கள் ராஜாஜியின் பிற்காலத்தைச் சற்றே பாருங்கள்.

1878-ல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வக்கீல், 1917-ல் அந்நகராட்சித் தலைவர், 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர், 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். 1952-ல் முதலமைச்சரானதும் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கி நல்ல பெயர் வாங்கினார். மறு ஆண்டு கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் அதைக் கெடுத்தது. பிள்ளைகளை அப்பன் தொழிலிலேயே கட்டிப்போடும் குலக்கல்வி என்று மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமே. 1954-ல் பதவி விலகினார்.

வேறொருவர் அத்துடன் ஒதுங்கியிருப்பார். இவரோ 1959-ல், எண்பது வயதில், சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். தொழில் செய்ய பர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று அரசிடம் கைகட்டி நிற்கக் கூடாது என்றார். எதிரே இருந்தவர் பழைய தோழர் நேரு. 1967-ல் கட்சி மக்களவையில் 44 இடங்கள் பெற்றது. 1971-ல் எட்டாகக் குறைந்தது. அவர் கருத்து மாறவில்லை.

1969-ல் வங்கிகள் நாட்டுடைமையானதை அக்கட்சி எதிர்த்தது. வங்கியில் பேனா பிடித்த எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் மரியாதை குறையவில்லை.

1972 டிசம்பர் 25-ல் அவர் மறைந்தபோது, அரசியலில் நெடுங்காலம் எதிர்த்த பெரியார் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டார்.

நம் பொதுக்குழுவிலும் மாற்றுக் கருத்தை எழுந்து சொல்லுங்கள். பிறகு மாடிப்படியில் பார்த்தால் சிரித்துப் பேசுங்கள்.