சர்தார் கட்டிய வீடு

வேதாரணியம் என்றதும் நம் தொண்டர்களுக்கு நினைவு வருவது உப்பு. 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட படை, பதினைந்து நாள் நடந்து அந்தக் கடற்கரையை அடைந்தது. 30-ஆம் நாள் அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளியது. இதை மேடையில் சொல்லாத காங்கிரஸ் பேச்சாளர் உண்டா? ஆனால் அந்தப் படைக்கு இடங்கொடுத்த மனிதரின் பாதிக் கதையைத்தான் நாம் சொல்லி வருகிறோம்.

சர்தார் வேதரத்தினம் பிள்ளை 1897-இல் அவ்வூரில் பிறந்தவர். உப்பு வியாபாரி. உப்புச் சட்டத்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதை மீறினால்தான் நஷ்டம். தொண்டருக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்த வேளை அது. பிள்ளையவர்கள் தயங்கவில்லை. சிறை சென்றார், சொத்துக்கள் பறிமுதலாயின.

இதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அவர் நிறுத்தவில்லை.

அந்தப் போரில் ருக்மிணி லட்சுமிபதி அம்மையாரும் உப்பு அள்ளிச் சிறை சென்றார். சென்னையில் படித்த அம்மையார் அவர். அதே கடற்கரையில் உப்பு வாரும் கூலியாளின் மகளுக்கோ எழுத்து வாசனை கிடையாது. வயிற்றுக்கே இல்லாத வீட்டில் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் ஏது? தாய் தகப்பனை இழந்த பெண் குழந்தையென்றால் இன்னும் மோசம். காலையில் பள்ளிக்குக் கூப்பிட்டு மாலையில் அனுப்பிவைக்க அவளுக்கு வீடே இல்லை. எனவே பள்ளி மட்டும் போதாது, தங்க இடமும் சோறும் வேண்டும் என்று கண்டார் பிள்ளை. 1946-இல் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் பிறந்தது. சிறையிலேயே உயிர்விட்ட அன்னையின் பெயரை அதற்கு இட்டார். காமராஜரின் பகலுணவுத் திட்டத்துக்குப் பத்தாண்டு முந்திய காரியம் இது!

சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார் பிள்ளை. ஆனால் பதவியை வைத்து அவரை நினைப்பவர் எத்தனை பேர்? குருகுலத்தில் படித்த பெண்கள் நினைக்கிறார்கள். 1961-இல் அவர் மறைந்தார், குருகுலம் நடந்துகொண்டிருக்கிறது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூணுக்கு மாலை போட நம்மவர் போகிறார்கள். போகட்டும், நல்லதே. திரும்பும்போது குருகுல வாசலிலும் சற்று நின்று, அங்கே பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று கேட்டுவிட்டு வரலாமே. கூடவே, தம் தெருவில் பள்ளியை விட்டு நின்ற பெண் யார் என்றும் ஒரு கணக்கெடுத்தால், சர்தாரின் மீதிக் கதையையும் மேடையில் சொல்ல நமக்கு வாய் இருக்கும்.