டூரிங்கின் குழந்தை இயந்திரம்

கல்லூரியில் பொருளியல் கற்பித்த ஆண்டுகளில், 1950-இல் வெளிவந்த ஒரு கட்டுரையை மாணவர்களுக்குத் தவறாமல் அறிமுகப்படுத்துவேன். அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்மென் ஆல்ச்சியன் எழுதியது அது. நிறுவனங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டு வெற்றி பெறுவதில்லை. அவை பலவாறு முயல்கின்றன. சூழலுக்குப் பொருந்தியவை நிலைக்கின்றன, ஏனையவை மறைகின்றன என்பது அதன் சாரம். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஒருவர் அதே டார்வினியச் சிந்தனையை இயந்திரத்துக்குப் பொருத்தி எழுதியிருந்தார் என்பதைப் பணி ஓய்வுக்குப் பின்னரே அறிந்தேன். அவர்தான் ஆலன் டூரிங்.

டூரிங் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி. தாய் சாரா பிறந்ததோ நம் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில். அவருடைய தந்தை இங்கே ரயில்வே தலைமைப் பொறியாளராக விளங்கியவர். பெற்றோர் இந்தியாவில் இருக்க, டூரிங்கும் அவருடைய அண்ணனும் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் இல்லத்தில் வளர்ந்தனர்.

1931-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்த டூரிங், எந்தக் கணக்கீட்டையும் செய்யவல்ல ஒரு பொது இயந்திரத்தின் இலக்கணத்தை 1936-இல் வகுத்தார். இன்றைய கணினியின் கோட்பாட்டு வேர் அதுவே. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா மறைக்குறியீட்டை உடைக்கும் பணியில் பிளெட்ச்லி பார்க்கில் முன்னின்றார். ஆனால், அந்தப் பணி பல்லாண்டுகள் அரசு ரகசியமாகவே இருந்தது.

போருக்குப் பின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கணினி வடிவமைக்கச் சேர்ந்த அவர், இயந்திரத்தின் அறிவைப் பற்றி 1948-இல் ஓர் அறிக்கை அளித்தார். பிறந்த குழந்தையின் மூளையைப் போல ஒழுங்கமைக்கப்படாத இயந்திரம் ஒன்றைப் பயிற்சியால் ஒழுங்குக்குக் கொண்டுவரலாம் என்றும், மரபணுக்கள் கலந்து மாறித் தேர்வு பெறுவதைப் போன்ற தேடலும் அறிவுக்கு ஒரு வழி என்றும் அதில் கூறினார். அப்போது ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர் சார்லஸ் கால்டன் டார்வின். பரிணாமக் கொள்கையைத் தந்த டார்வினின் பேரன். அவரோ அந்த அறிக்கையைப் பள்ளி மாணவன் எழுதிய கட்டுரை என்று ஒதுக்கிவிட்டார். டூரிங்கின் வாழ்நாளில் அது அச்சேறவே இல்லை.

இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவர் தொண்ணூறுகளில் என்னிடம் ஆய்வுக்கு வந்த மாணவர் ஒருவர். நூற்றுக்கணக்கான வணிக விதிகளைக் கணினியில் உலவவிட்டு, லாபம் ஈட்டுபவற்றை மட்டும் பெருக்கி, தானியச் சந்தையின் விலைப் போக்கை அறிய விரும்பினார். இது பொருளியல் அன்று எனக் கூறி, வழக்கமான புள்ளியியல் முறைக்கு அவரைத் திருப்பிவிட்டேன். அவர் பட்டம் பெற்றார். ஆனால், அதன்பின் ஆய்வுப் பக்கமே வரவில்லை. ஆல்ச்சியனைப் பாடமாக நடத்திய நானே அவ்வாறு செய்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

டூரிங் மனம் தளரவில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1950-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் அதே எண்ணத்தை விரித்துரைத்தார். வளர்ந்த மனிதரின் அறிவைப் போலச் செய்வதைவிடக் குழந்தையின் அறிவைப் போன்ற இயந்திரம் ஒன்றை உருவாக்கி, அதற்குக் கல்வி புகட்டலாம் என்றார். அந்த இயந்திரத்தின் அமைப்பு மரபுப் பொருள். அதில் செய்யும் மாற்றம் சடுதிமாற்றம். இயற்கைத் தேர்வின் இடத்தில் இருப்பது ஆய்வாளரின் தீர்ப்பு. இயற்கை மெதுவாகவே தேர்ந்தெடுக்கிறது. குறையின் காரணத்தை அறிந்த ஆய்வாளரோ ஏற்ற மாற்றத்தை விரைவாகச் செய்ய இயலும் என்பது அவருடைய நம்பிக்கை.

அந்தத் தீர்ப்பு என்னும் சொல் அவருடைய வாழ்விலேயே கொடிய பொருள் பெற்றது. தற்பாலின உறவு அன்றைய இங்கிலாந்தில் குற்றம். 1952-இல் அவர் தண்டிக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக ஹார்மோன் சிகிச்சையை ஏற்க நேர்ந்தது. அரசின் ரகசியப் பணிகளில் இருந்தும் விலக்கப்பட்டார். 1954 ஜூன் 7 அன்று, 42 வயது நிறைய இரண்டு வாரங்களே இருந்த நிலையில், சயனைடு நஞ்சால் இறந்தார். 2009-இல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013-இல் அரசியின் மன்னிப்பு வழங்கப்பட்டது. உயிரை மீட்க எதனால் இயலும்?

அவர் விதைத்த எண்ணம் மட்டும் அழியவில்லை. 1953-இல் பாரிசெல்லி என்பவர் பிரின்ஸ்டன் கணினியில் எண்களைப் பரிணமிக்கச் செய்தார். 1975-இல் ஜான் ஹாலண்ட் மரபணு வழிமுறைகளுக்கு முறையான கோட்பாட்டு நூல் தந்தார். அந்த வழிமுறைகள் இன்று பொறியியல் வடிவமைப்பிலும் செயற்கை நுண்ணறிவு ஆய்விலும் பயன்படுகின்றன.

இயற்கையின் தேர்வில் நடுவர் என்று எவரும் இல்லை. இயந்திரத்தின் தேர்விலோ, எது சிறந்தது என்னும் அளவுகோலை ஒரு மனிதர் வகுத்தாக வேண்டும். அளவுகோல் பிழையானால், எத்தனை தலைமுறை பரிணமித்தாலும் பிழையே செழிக்கும். சந்தைக்கும் இது பொருந்தும்; லாபத்தை மட்டும் அளந்தால் லாபம் தருவது மட்டுமே எஞ்சும். வங்கிக் கடனுக்கும் வேலைக்கும் தகுதியானவரைக் கணினி தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், அந்த அளவுகோலை வகுத்தவர் யார், அதில் விடுபட்டவர் யார் என்று நாம் கேட்டாக வேண்டும். தன் காலத்தின் அளவுகோல்களில் இருமுறை தோற்ற டூரிங்கின் வாழ்க்கை நமக்கு அதைத்தான் உணர்த்துகிறது.