பட்டம் இல்லாத பறவை மனிதர்

பங்குனியில் எங்க புள்ளலூரில் மழை பெய்வது அபூர்வம். அப்படி ஒருநாள் விடியற்காலைத் தூறலில் ஏரிக்கரைக்குப் போனேன். புதருக்கு அடியில் ஒரு குருவி சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வயிற்றடியில் சிவப்பு. ஆறுமணிக் குருவின்னு அப்பா சொன்னார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். அது எங்கே போகுதுன்னு மட்டும் அவருக்குத் தெரியவில்லை. நூலகத்தில் தேடினேன். குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டு இமயமலை அடிவாரம் வரை திரும்பிப் போகுமாம். அப்படித் தேடும்போது கிடைத்தவர்தான் சாலிம் அலி.

1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. மாமாவுக்கும் அது என்னவென்று தெரியாததால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். செயலாளர் மில்லார்டு பெயரைச் சொன்னதோடு, கழகத்தின் பறவைச் சேகரிப்பையே திறந்து காட்டினார். சிறுவனின் பாதை அன்றே முடிவானது.

ஆனால் படிப்பில் அவர் புலி இல்லை. 1913ல் மெட்ரிக் தட்டுத்தடுமாறித்தான் தேறினார். கல்லூரியைப் பாதியில் விட்டு பர்மா போனார். அங்கே தொழிலும் சரிப்படவில்லை. பட்டம் இல்லை என்று விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை மறுக்கப்பட்டது. பெர்லினில் பறவையியல் பயின்று 1930ல் திரும்பியபோதும் கையில் வேலை இல்லை.

சோர்ந்து உட்காரவில்லை. கடலோரக் கிஹிம் கிராமத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் குடியேறும். உடனே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும்! 1931ல் வெளியான அந்தக் கட்டுரைதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது.

1941ல் இந்தியப் பறவைகள் பற்றிய நூலை எழுதினார். ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளிவந்தன. நம்ம கோடியக்கரைக்கும் வந்து, வலசைப் பறவைகளின் காலில் வளையம் மாட்டும் பணிக்கு வழிகாட்டினார். 1976ல் பத்ம விபூஷண் பெற்றார். பட்டம் இல்லாதவருக்குப் பல்கலைக்கழகங்களே டாக்டர் பட்டம் கொடுத்தன. 1987 ஜூன் 20 அன்று, 90 வயதில் மறைந்தார்.

எங்க வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். போன செமஸ்டரில் ரெண்டு பேப்பர் அரியர். வீட்டில் சொல்லப் பயந்து கிடந்தேன். இவர் கதையைப் படித்த அன்று ராத்திரியே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, அந்தக் குருவி எங்கே போகுதுன்னு கண்டுபிடிச்சியான்னு கேட்டார். சொன்னேன்.