கெரட் மோர்கன் (1877 – 1963)

மாணவர்களே, தீயணைப்பு வீரரின் தலைக்கவசம், வெப்பந் தாங்கும் மேலங்கி, சுவாசக் கவசம் ஆகியவற்றைப் படங்களிற் கண்டிருப்பீர்கள். சுவாசக் கவசத்தின் முன்னோடிகளுள் ஒன்றை ஆக்கியவர் கெரட் மோர்கன்.

இவர் 1877 மார்ச் 4இல் ஐக்கிய அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்தார். பெற்றோர் முன்னர் அடிமைகளாயிருந்த கறுப்பினத்தவர். ஆரம்பக் கல்வியுடன் பாடசாலையை விட்ட மோர்கன், கிளீவ்லாந்து நகரில் தையல் இயந்திரம் திருத்தி வாழ்ந்தார்.

சூடான புகை மேலெழும். தரையருகே காற்று ஓரளவு தூய்மையாயிருக்கும். ஆகவே தலையை மூடும் உறையில் தரையை நோக்கித் தொங்கும் நீண்ட குழாயைப் பொருத்தினார். அதன் நுனியில் நனைத்த கடற்பஞ்சு புகையைத் தடுத்தது. 1914இல் ஆக்கவுரிமை பெற்றார். ஆயினும் நிறவேற்றுமையால், அதனை விற்க வெள்ளையரை முன்னிறுத்த நேர்ந்தது.

1916 யூலையில் ஈரி ஏரியின் அடியிலிருந்த சுரங்கத்தில் வெடிப்பு ஏற்பட்டது. மீட்கச் சென்றோரும் நச்சுவாயுவால் மடிந்தனர். மோர்கன் சகோதரருடன் கவசமணிந்து இறங்கி, உயிரோடிருந்தோரையும் இறந்தோரின் உடல்களையும் மீட்டார். கார்னேகி வீரப் பதக்கம் பிறருக்கே கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. 1963 யூலை 27இல் காலமானார்.

லயன் அறையைப் புகை சூழ்ந்தால் நிமிர்ந்து ஓடாதீர்கள். தரையோடு தவழ்ந்து வெளியேறுங்கள். மோர்கனின் குழாய் தரையை நோக்கித் தொங்கியதும் இதே காரணத்தாலேயே.